என் கைப்பேசியைத் திறக்க நான் கேட்ட அனுமதி

2018ஆம் ஆண்டின் இறுதியில் 14,000 ரூபாய் கொடுத்து வாங்கிய கைப்பேசி ஒன்று இன்றும் என்னிடம் இருக்கிறது. திரையின் ஓரத்தில் ஒரு கீறல் விழுந்ததையும் ஒருமுறை மின்கலம் மாற்றியதையும் தவிர அதற்கு வேறு குறை எதுவும் வரவில்லை. ஆனால் அதைத் தயாரித்த நிறுவனத்தின் கணக்கில் அதன் ஆயுள் 2020 அக்டோபரில் முடிந்துவிட்டது. கடைசிப் பாதுகாப்புத் திருத்தம் அந்த மாதத்தில்தான் வந்தது. அதன் பிறகு அமைப்புகளுக்குள் சென்று அப்டேட் பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ‘உங்கள் கருவி புதுப்பித்த நிலையில் உள்ளது’ என்ற வாசகமே வந்தது. பச்சை வட்டத்துக்குள் ஒரு சரிக்குறி போட்டு அந்தப் பொய்யைச் சொன்னார்கள். ஒன்றரை ஆண்டுக் காலம் நானும் அதை நம்பினேன்.

2022 மே மாதத்தில், அந்தக் கைப்பேசியில் தயாரிப்பாளரின் இயங்குதளத்தை நீக்கிவிட்டு லீனியேஜ் ஓஎஸ் போடுவது என்று முடிவு செய்தேன். சயனோஜென்மோட் என்ற பெயரில் பல ஆண்டுகள் நடந்த முயற்சி 2016 டிசம்பரில் நின்றபோது, அதில் உழைத்த தன்னார்வலர்கள் தொடங்கியதுதான் லீனியேஜ். தயாரிப்பாளர்கள் கைவிட்ட கருவிகளுக்கும் புதிய ஆண்ட்ராய்டைக் கொண்டு சேர்க்கிறார்கள். என் மாடலுக்கு அப்போது ஆண்ட்ராய்டு 12 கிடைத்தது. மாதாமாதம் வரும் பாதுகாப்புத் திருத்தங்களும் அதில் இருந்தன. போடத் தடையாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்: பூட்லோடர் பூட்டப்பட்டிருந்தது.

பூட்லோடர் என்பது பவர் பொத்தானை அழுத்தியவுடன் முதலில் ஓடத் தொடங்கும் சிறிய நிரல். அடுத்து ஏற்றப்போகும் இயங்குதளத்தின் மின் கையொப்பத்தைச் சரிபார்த்து, அது தயாரிப்பாளருடையதாக இருந்தால் மட்டுமே உள்ளே விடும். யாரோ ஒருவர் என் கைப்பேசியைச் சில நிமிடங்கள் கையில் வைத்திருந்து, என்னை உளவு பார்க்கும் இயங்குதளத்தை அதில் ஏற்றிவிடாமல் தடுப்பது இந்தச் சோதனைதான். ஆகவே பூட்டு இருப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. பணம் கொடுத்து வாங்கியவனான எனக்கு அதன் சாவியைத் தராமல், நிறுவனம் தன்னிடமே வைத்துக்கொண்டதுதான் என் மனக்குறை.

சாவிக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. நிறுவனத்தின் தளத்தில் கணக்கு தொடங்கி, சிம் எண்ணைப் பதிந்து, கைப்பேசியை அந்தக் கணக்கோடு இணைத்தேன். இணைத்து முடித்ததும் ஒரு வாரம் காத்திருக்கும்படி திரையில் வந்தது. ஏன் ஒரு வாரம் என்பதற்கு விளக்கம் இல்லை. மூன்றரை ஆண்டுகளாக என் சட்டைப்பையில் இருக்கும் பொருளுக்கு, அதை விற்று லாபம் பார்த்து முடித்த ஒரு நிறுவனத்தின் வாசலில் மனுவோடு நின்ற அந்த ஒரு வாரம் எனக்குள் ஏற்படுத்திய அவமான உணர்வை இன்னும் மறக்கவில்லை. இதில் வருந்த வேண்டிய செய்தி, நான் அதிர்ஷ்டசாலி என்பதுதான். பல நிறுவனங்கள் மனுவைக்கூட வாங்குவதில்லை. அவர்களுடைய கைப்பேசியில் அந்தப் பூட்டைத் திறக்க முறையான வழியே கிடையாது.

எட்டாம் நாள் இரவு வேலையைத் தொடங்கினேன். ‘ஃபோனைப் பற்றி’ என்ற பக்கத்தில் பில்டு எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் அமைப்புகள் திறக்கும். அங்கே, பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கும் ஓஇஎம் அன்லாக்கிங் என்ற தெரிவை இயக்கினேன். கைப்பேசியை அணைத்து, ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் பவர் பொத்தானையும் சேர்த்துப் பிடித்து, கணினியின் கட்டளைகளை ஏற்கும் ஃபாஸ்ட்பூட் நிலைக்குக் கொண்டுவந்து, யூஎஸ்பி கேபிளால் மடிக்கணினியோடு இணைத்தேன். பூட்டைத் திறக்கும் கட்டளை ஓட நான்கு விநாடிகூட ஆகவில்லை. உள்ளே இருந்த அத்தனையும் அழிந்தது. திறக்கும்போது தரவை அழிப்பது சரியான ஏற்பாடுதான். இல்லாவிட்டால் திருடியவன் பூட்டைத் திறந்தே என் படங்களையும் கடிதங்களையும் எடுத்துவிடுவான்.

படங்களையும் தொடர்பு எண்களையும் முன்கூட்டியே நகலெடுத்து வைத்திருந்தேன். இரண்டாம் நிலைச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்க எண் தரும் செயலியை மட்டும் மறந்துவிட்டேன். அதன் ரகசியக் குறியீடுகள் கைப்பேசிக்குள் மட்டுமே இருந்தன. பழைய மின்னஞ்சல் கணக்கு ஒன்றை மீட்க ஒன்பது நாள் ஆனது. இன்னொரு கணக்கு போனது போனதுதான். இந்த வேலையில் இறங்குகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: படங்களைப் பற்றி எல்லோருக்கும் நினைவு வரும், அவை பெரும்பாலும் வேறு எங்காவது ஒரு நகலாக இருக்கவும் செய்யும், இந்த ஆறு இலக்கச் செயலியின் குறியீடுகளை வேறொரு கருவிக்கு மாற்றி, மாற்றியது வேலை செய்கிறதா என்று ஒருமுறை உள்நுழைந்து பார்த்த பிறகே கட்டளையைத் தட்டுங்கள்.

புதிய இயங்குதளம் சிக்கலில்லாமல் ஏறியது. கைப்பேசி முன்னைவிட வேகமாக ஓடியது. நீக்கவே முடியாதபடி நிறுவனம் திணித்திருந்த விளம்பரச் செயலிகள் போய்விட்டன. ஒவ்வொரு முறை தொடங்கும்போதும், பூட்லோடர் திறந்திருக்கிறது, இந்தக் கருவியை நம்ப முடியாது என்ற எச்சரிக்கை சில விநாடிகள் திரையில் நிற்கும், அதற்கும் பழகிக்கொண்டேன். காணொளிச் சேவைகளில் படத்தின் தெளிவு குறைந்துவிட்டது. பூட்லோடரைத் திறந்தால் பல கைப்பேசிகளில் வைட்வைன் என்னும் உள்ளடக்கப் பாதுகாப்பின் நிலை இறங்கிவிடும். அதனால் உயர்தரப் படத்தை அந்தச் சேவைகள் அனுப்புவதில்லை. அதுவும் எனக்குப் பெரிய இழப்பில்லை. நான்காம் நாள் மளிகைக் கடையில் பணம் செலுத்த வங்கிச் செயலியைத் திறந்தபோதுதான் உண்மையான விலை தெரிந்தது. ‘உங்கள் கருவி ரூட் செய்யப்பட்டுள்ளது, பாதுகாப்புக் காரணங்களுக்காகச் செயலி மூடப்படுகிறது’ என்று சொல்லி அது மூடிக்கொண்டது.

நான் ரூட் செய்யவில்லை. பூட்லோடரைத் திறப்பது வேறு, இயங்குதளத்தின் எந்தக் கோப்பையும் மாற்றவிடும் ரூட் அதிகாரத்தை எடுப்பது வேறு. ஆனால் செயலிக்கு அந்த வேறுபாடு தேவைப்படவில்லை. கூகுள் வழங்கும் சரிபார்ப்புச் சேவையிடம் செயலி கேட்கிறது. முன்பு சேஃப்டிநெட், இப்போது பிளே இன்டெக்ரிட்டி. அந்தச் சேவை சிப்புக்குள் இருக்கும் சாவியைக் கொண்டு, பூட்லோடர் பூட்டியிருக்கிறதா, கூகுளின் சான்று பெற்ற மென்பொருள்தான் ஓடுகிறதா என்று பார்த்துப் பதில் சொல்கிறது. என் வீட்டில் அப்போது அதே மாடல் கைப்பேசி இன்னொன்று இருந்தது. ஒன்றில் 2020 அக்டோபரோடு நின்றுபோன மென்பொருள். இந்த ஒன்றரை ஆண்டில் உலகமறிந்த ஓட்டைகள் அத்தனையும் அதில் திறந்து கிடந்தன. மற்றொன்றில் அந்த மாதத்துத் திருத்தம் போட்ட ஆண்ட்ராய்டு 12. வங்கிச் செயலி முதலாவதை வரவேற்றது; இரண்டாவதை விரட்டியது. இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் அதே செயலியைத் திறந்து, மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதுகாப்பு என்ற சொல்லை அந்தச் செயலி எந்தப் பொருளில் பயன்படுத்துகிறது என்பது அன்றுதான் புரிந்தது. திருத்தம் எந்த மாதத்தது என்று அது கேட்கவே இல்லை. கருவி இன்னும் தயாரிப்பாளரின் பிடியில் இருக்கிறதா என்று மட்டுமே கேட்டது.

என் பக்கத்திலும் ஒரு பலவீனம் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. லீனியேஜ் புதுப்பித்துத் தருவது ஆண்ட்ராய்டின் பகுதிகளைத்தான். மோடத்தின் மென்பொருளும் சிப் தயாரிப்பாளரின் மூடிய நிரல்களும் பழையபடியே கிடக்கின்றன. அவற்றின் மூலநிரல் வெளியே இல்லாததால் தன்னார்வலர்கள் தொட முடியாது. பூட்லோடர் திறந்திருக்கும்வரை, கைப்பேசி பிறர் கையில் சிக்கினால் ஆபத்தும் கூடுதல். வங்கி அஞ்சுவதில் ஓரளவு நியாயம் உண்டு என்பதை ஏற்றுக்கொள்கிறேன். கைவிடப்பட்ட கைப்பேசியைக் கண்டு அதே வங்கி அஞ்சாததைத்தான் ஏற்க முடியவில்லை. இதை விளக்கி இரண்டு பக்கம் எழுதி வங்கிக்கு அனுப்பினேன். செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பார்க்கும்படி பதில் வந்தது.

இந்தச் சோதனையை ஏமாற்றும் வழிகள் உண்டு. இணையத்தில் தேடினால் செய்முறைகள் குவிந்து கிடக்கும். நான் அந்த வழியில் போகவில்லை. அதற்கு உண்மையிலேயே ரூட் எடுக்க வேண்டும். எடுத்தால் கருவியின் பாதுகாப்பு உண்மையிலேயே குறையும். இன்று வேலை செய்யும் தந்திரம் அடுத்த மாதம் வேலை செய்யாமல் போய், பேருந்து நிலையத்தில் பணம் செலுத்த முடியாமல் நிற்க நேரும். 7,000 ரூபாய்க்கு ஒரு சாதாரணக் கைப்பேசியை வாங்கி யூபிஐ சிம்மை அதில் போட்டேன். மற்ற வங்கி வேலைகளை மடிக்கணினியின் உலாவியில் வங்கித் தளத்தின் வழியாகவே செய்தேன். உலாவி என் இயங்குதளத்துக்கு யார் சான்று கொடுத்தார்கள் என்று கேட்பதில்லை. இணையதளம் வைத்திருக்கும் வங்கியையே தேர்ந்தெடுங்கள், செயலியை மட்டும் நம்பியிருக்கும் சேவைகளிடம் எச்சரிக்கையாக இருங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இவ்வளவு சிரமப்பட்டு இதைச் செய்ய வேண்டுமா என்று நண்பர்கள் கேட்டார்கள். தமிழை என் கைப்பேசியில் வாசிக்க நான் பட்ட பாட்டை அறிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

2011இல் என் முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. நண்பர் அனுப்பிய நலம் விசாரிப்பும் கட்டம். செய்தித் தலைப்பும் கட்டம். நம்மில் பலருக்கு அப்போது கைகொடுத்தது ஓபரா மினி உலாவி. அதன் முகவரிப் பட்டையில் கான்ஃபிக் என்று தட்டி, திறக்கும் பட்டியலின் கடைசிக்குச் சென்று, சிக்கலான எழுத்து முறைகளுக்குப் பட எழுத்துருவைப் பயன்படுத்துக என்ற வரியில் இல்லை என்பதை ஆம் என்று மாற்றிச் சேமிக்க வேண்டும். அதன் பிறகு அந்த நிறுவனத்தின் சர்வர் தமிழ் எழுத்துகளைச் சிறு சிறு படங்களாக வரைந்து அனுப்பும். பக்கம் மெதுவாகத்தான் இறங்கும், டேட்டாவும் கூடுதலாகச் செலவாகும். ஆனாலும் தமிழ் தெரியும். என் தாய்மொழியை வாசிக்க, எங்கோ இருக்கும் கணினி ஒன்று அதை எனக்கு வரைந்து காட்ட வேண்டியிருந்தது.

தமிழ் எழுத்துருக் கோப்பு என் மடிக்கணினியில் இருந்தது. சில நூறு கிலோபைட் அளவுள்ள அதைக் கைப்பேசியின் எழுத்துரு அடைவுக்குள் வைத்தால் கட்டங்கள் மறைந்துவிடும். அந்த அடைவோ வாசிக்க மட்டுமே அனுமதிக்கும் பகுதிக்குள் இருந்தது. அங்கே ஒரு கோப்பை வைக்கும் அதிகாரத்துக்காகத்தான் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கைப்பேசியை ரூட் செய்தேன். இரவு இரண்டு மணிக்கு அது மறுபடி தொடங்கி, கட்டங்கள் இருந்த இடத்தில் எழுத்துகள் வந்தபோது, அரைகுறையாகத்தான் வந்தன. எழுத்துகளைக் கோத்துக் காட்டும் நிரல் அந்த ஆண்ட்ராய்டில் இல்லாததால் ‘பெண்’ என்ற சொல்லில் கொம்பு பகரத்துக்குப் பின்னால் நின்றது; ‘போ’ என்பதில் கொம்பும் காலும் இடம் தெரியாமல் சிதறிக் கிடந்தன. ஆனாலும் வாசிக்க முடிந்தது. பழக்கத்தில் கண்ணே கொம்பைத் தூக்கி முன்னால் வைத்துக்கொண்டது. ஆண்ட்ராய்டு 4 வரிசை பரவிய பிறகே பெரும்பாலான கைப்பேசிகளில் தமிழ் தானாகச் சரியாகத் தெரியத் தொடங்கியது.

எழுதுவதிலும் இதே கதைதான். ஆண்ட்ராய்டு 2009இல் வந்த 1.5 பதிப்பிலேயே வெளியார் செய்த விசைப்பலகைகளை நிறுவ அனுமதித்தது. ஐஃபோனில் அந்த அனுமதி 2014இல் ஐஓஎஸ் 8 வரும்வரை இல்லை. 2013இல் ஐஓஎஸ் 7 தமிழ் விசைப்பலகையைத் தானே தரும்வரை, ஐஃபோன் வைத்திருந்த தமிழர்கள் முத்து நெடுமாறனின் செல்லினம் செயலிக்குள் தமிழில் தட்டி, அங்கிருந்து நகலெடுத்து, மற்ற செயலியில் கொண்டுபோய் ஒட்டினார்கள். தமிழ் விசைப்பலகை செய்யத் தெரிந்தவர் நம்மிடையே இருந்தார், செய்தும் வைத்திருந்தார், அதைப் பயன்படுத்த ஏங்கியவர்களும் இருந்தார்கள். இருவருக்கும் நடுவில் நின்றது தயாரிப்பாளரின் ஒரு விதி. பயனரின் சுதந்திரம் என்ற பேச்சை மேலைநாட்டு நிரலாளர்களின் பொழுதுபோக்கு என்று நம்மவர்களில் சிலர் ஒதுக்கும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். பெரிய சந்தை உள்ள மொழிக்காரர்களுக்கு நிறுவனம் முதல் நாளே எல்லாம் செய்து கொடுத்துவிடும். காத்திருக்க வைக்கப்படுகிற மொழிக்காரர்களுக்குத்தான் கருவியைத் தாமே திருத்திக்கொள்ளும் உரிமை அதிகம் தேவை.

பூட்டும் சாவியும் பற்றி முன்பு சொன்னதற்குத் திரும்புகிறேன். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது செக்யூர் பூட் என்ற இதே வகைப் பூட்டு கணினிகளுக்கும் வந்தது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற சுதந்திர இயங்குதளத்தைப் பயன்படுத்துகிறவர்கள் பதறினார்கள், குரல் எழுப்பினார்கள். சான்று பெற விரும்பும் சாதாரண இன்டெல் வகைக் கணினிகளில் அந்தப் பூட்டை உரிமையாளர் அணைக்கவும், தன் சொந்தச் சாவியைப் பதிக்கவும் வழி இருந்தாக வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் தன் விதிகளில் எழுதியது. அதே ஆண்டு, அதே நிறுவனம், ஏஆர்எம் சிப் கொண்ட விண்டோஸ் ஆர்டி கருவிகளில் பூட்டை அணைக்கவே கூடாது என்று எழுதியது. முன்னதை வாங்கியவர்களில் பலர் இன்றும் அதில் லினக்ஸ் ஓட்டுகிறார்கள். பின்னதை வாங்கியவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் எதுவரை ஆதரவு தந்ததோ அதுவரைதான் வாழ்வு. பூட்டின் தொழில்நுட்பம் இரண்டிலும் ஒன்றே. கைப்பேசியிலும் இது முடியாத காரியமல்ல. கூகுளின் பிக்சல் கைப்பேசிகளில் கிராஃபீன் ஓஎஸ் என்ற மாற்று இயங்குதளத்தைப் போடுகிறவர்கள், அதன் சாவியைப் பதித்துவிட்டுப் பூட்லோடரை மறுபடி பூட்டிக்கொள்ளலாம். பூட்டின் பாதுகாப்பும் கிடைக்கிறது, தேர்வும் உரிமையாளரிடம் இருக்கிறது.

மூலநிரல் வெளிப்படையாக இருந்தால் போதும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். போதாது. ஆண்ட்ராய்டின் அடியில் இருக்கும் மைய நிரலான லினக்ஸ் கர்னல், ஜிபிஎல் என்ற சுதந்திர மென்பொருள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் இருக்கிறது. மூலநிரலைக் கேட்டால் தயாரிப்பாளர் கொடுத்தாக வேண்டும். ஆனால் நான் திருத்திய நிரலை அதே கருவியில் ஓட்டத் தேவையான சாவியைக் கொடுக்கும்படி அந்த உரிமம் சொல்லவில்லை. டிவோ என்ற தொலைக்காட்சிப் பதிவுக் கருவி இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டது. அதைக் கண்டுதான் 2007 ஜூனில் வந்த ஜிபிஎல் மூன்றாம் பதிப்பில், நுகர்வோர் கருவியோடு சேர்த்துத் தரும் நிரலுக்கு நிறுவத் தேவையான தகவலையும் தர வேண்டும் என்று சேர்த்தார்கள். லினக்ஸ் கர்னல் இரண்டாம் பதிப்பிலேயே நின்றுவிட்டது. என் கைப்பேசியின் கர்னல் மூலநிரலை நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கி வைத்திருந்தேன். பூட்லோடர் திறக்கும்வரை அது என் மடிக்கணினியில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்ததைத் தவிர வேறு பயன் தரவில்லை.

கைப்பேசியோடு இது முடிந்துவிடவில்லை. கும்பகோணத்தில் என் மாமா ஜெராக்ஸும் டிடிபியும் செய்யும் சிறிய கடை வைத்திருக்கிறார். 2023இல் ஒருநாள் காலை அழைத்தார். “மாப்ள, நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா ஓடின பிரின்டர்டா. காலையில போட்டா கார்ட்ரிட்ஜ் சரியில்லைங்குது” என்றார். பள்ளிச் சேர்க்கை நேரம். ஆதார் நகலுக்காகக் கடை வாசலில் வரிசை நின்றது. காரணம் மாலையில்தான் தெரிந்தது. வைஃபையில் இருந்த பிரின்டர் இரவில் தானாக ஓர் அப்டேட்டை இறக்கிக்கொண்டு, மறுநாள் முதல் வெளியாள் சிப் வைத்த கார்ட்ரிட்ஜ்களை ஏற்க மறுத்துவிட்டது. பிரின்டரில் எந்தப் பழுதும் இல்லை. மையும் இருந்தது. விற்ற பிறகும் கடைக்குள் நுழைந்து விதியை மாற்றும் வசதியை நிறுவனம் வைத்திருந்தது, அவ்வளவுதான்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017 மே மாதத்தில் லெக்ஸ்மார்க் வழக்கில், கார்ட்ரிட்ஜை விற்ற அந்தக் கணத்தோடு அதன்மீது நிறுவனத்துக்குள்ள காப்புரிமை தீர்ந்துவிடுகிறது என்று தீர்ப்பளித்தது. மை நிரப்பி விற்கிறவர்களுக்கு அது பெரிய வெற்றிதான். ஆனால் காப்புரிமையால் தடுக்க முடியாததை ஒரு சிப்பும் ஓர் அப்டேட்டும் தடுத்துவிடுகின்றன. மாமாவுக்கு நாங்கள் செய்தது எளிய காரியம்: அன்று மட்டும் நிறுவனத்தின் கார்ட்ரிட்ஜையே வாங்கி வரிசையை அனுப்பினோம், மாதக் கடைசியில் பாட்டிலில் மை வாங்கி ஊற்றும் டேங்க் வகைப் பிரின்டருக்கு மாறினோம், அதை வைஃபையில் சேர்க்காமல் யூஎஸ்பி கேபிளில் மட்டும் ஓட்டுகிறோம். இணையத்தில் இல்லாத பிரின்டருக்கு அப்டேட் இல்லாமலிருப்பது பெரிய ஆபத்தில்லை. கைப்பேசிக்கு இதே அறிவுரையைச் சொல்லமாட்டேன்; இணையத்தில் இருக்கும் கருவிக்குத் திருத்தம் கட்டாயம் வேண்டும்.

தங்கையின் கைப்பேசித் திரை உடைந்தபோது, சென்னையில் மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். அதே மாடலின் பழுதான இன்னொரு கைப்பேசியிலிருந்து கழற்றிய அசல் திரையைத்தான் கடைக்காரர் மாட்டினார். மாட்டி முடித்ததும், இது அசல் பாகமா என்று உறுதி செய்ய முடியவில்லை என்ற செய்தி வந்தது. வெளிச்சத்துக்கு ஏற்ப நிறம் மாறும் வசதியும் காணாமல் போனது. “சார், திரை கம்பெனி திரைதான். இந்த போர்டுக்கு அதோட நம்பர் தெரியாது, அதான்” என்றார். பிறகு உடைந்த திரையின் பட்டையில் இருந்த அரிசிமணியைவிடச் சிறிய சிப்பை உருப்பெருக்கியின் கீழ் சூடுகாட்டிப் பெயர்த்து, புதிய திரையில் வைத்தார். அந்தக் கையசைவில் இருந்த நிதானத்தை நாற்பது நிமிடம் நின்று பார்த்தேன். நிற வசதி திரும்பியது. இப்படிப் பாகத்துக்கும் போர்டுக்கும் எண்ணால் முடிச்சுப்போடும் வழக்கத்தை அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் 2024இல் சட்டம் இயற்றித் தடுத்தது. அவ்வளவு திறமையுள்ள ஒரு கைக்கு, இல்லாத பழுதைச் சரிசெய்யும் வேலையைக் கொடுப்பது வீண்.

சட்டத்தைப் பற்றி நம்மவர்களுக்கு ஓர் அச்சம் இருக்கிறது. பூட்டைத் திறந்தால் குற்றமாகிவிடுமோ என்று என்னிடமே பலர் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1998இல் வந்த டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம் இத்தகைய பூட்டுகளை உடைப்பதையே பொதுவாகத் தடுக்கிறது; அதனால்தான் கைப்பேசிகளுக்கு 2010இல் தனி விலக்கு வாங்க வேண்டியிருந்தது, மூன்றாண்டுக்கு ஒருமுறை அது மறுபரிசீலனைக்கும் வருகிறது. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு வேறு விதமாக இருக்கிறது. பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால்தான் தண்டனை; சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத ஒரு காரியத்துக்காக உடைப்பதை அது விலக்கி வைக்கிறது. சொந்தக் கைப்பேசியில் சுதந்திர மென்பொருள் நிறுவ அஞ்சத் தேவையில்லை என்றே நான் அதை வாசிக்கிறேன். நடைமுறையில் நாம் இழக்கக்கூடியது வாரண்டியைத்தான். ஆகவே வாரண்டி முடியும்வரை நான் எதையும் திறப்பதில்லை.

பழுதுநீக்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022 டிசம்பர் 24 அன்று ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. தகவல் கிடைக்கிறது, கட்டாயம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஒரு கைப்பேசி மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் இயங்குதளத் திருத்தம் தர வேண்டும், முக்கிய உதிரிபாகங்கள் ஏழு ஆண்டுகள் கிடைக்க வேண்டும் என்கிறது. அங்கே கொடுப்பதை இங்கேயும் கொடுக்கிறார்களா என்று மாடல் எண்ணை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே பெயரில் விற்கும் கைப்பேசிக்குள் நாட்டுக்கு நாடு வேறு சிப் இருப்பதுண்டு.

இந்த ஒப்பீட்டில்தான் நான் இப்போது அதிக நேரம் செலவிடுகிறேன். கடைக்குப் போகும் முன்பே லீனியேஜின் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா, இருந்தால் இந்தியாவில் விற்கும் வகையா என்று பார்ப்பேன். நிறுவனம் பூட்லோடரைத் திறக்க விடுகிறதா என்பதை, வாங்கியவர்கள் கடந்த சில மாதங்களில் எழுதியதை வைத்து உறுதி செய்வேன். முன்பு திறக்க விட்ட நிறுவனங்கள் சத்தமில்லாமல் நிறுத்திக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். திருத்தம் எத்தனை ஆண்டு என்ற உறுதிமொழியையும் பார்ப்பேன். கூகுள் 2023இல் பிக்சல் 8க்கும், சாம்சங் 2024இல் எஸ் 24க்கும் ஏழு ஆண்டு என்று அறிவித்த பிறகு இந்தக் கேள்வியைக் கடையில் கேட்பது எளிதாகிவிட்டது.

இனிமேல் இன்னொன்றையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து நிறுவும் செயலிகளை உருவாக்கியவர்களும் தங்கள் அடையாளத்தைத் தன்னிடம் பதிந்திருக்க வேண்டும் என்று கூகுள் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் 2026 செப்டம்பரில் முதலில் நடைமுறைக்கு வரும் என்றது. எதிர்ப்பு எழுந்த பின், விவரமறிந்த பயனர்களுக்குத் தனி வழி தருவதாகவும் சொன்னது. மோசடிச் செயலிகளால் பணம் இழந்தவர்களை நானும் அறிவேன்; அந்த நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எஃப்-டிராய்டு போன்ற சுதந்திர மென்பொருள் செயலிகளின் களஞ்சியத்திலிருந்து ஓர் அகராதியை என் சொந்தக் கைப்பேசியில் நிறுவ, அதை எழுதியவர் தன் அடையாள அட்டையை ஒரு நிறுவனத்திடம் காட்டியிருக்க வேண்டும் என்பது, 2011இல் என் எழுத்துருக் கோப்பு வெளியே நின்ற அதே கதவின் முன் மற்றவர்களையும் நிறுத்துவதாகும்.

சென்ற மாதம் அம்மாவுக்குப் புதிய கைப்பேசி வாங்கினோம். பட்டியலைப் பார்த்து, மாடல் எண்ணை எழுதி எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன். கடைப்பையன் கேமராவைப் பற்றி நிறையச் சொன்னார், பூட்லோடரைப் பற்றிக் கேட்டதற்கு மேலாளரை அழைத்தார், அவருக்கும் தெரியவில்லை. பெட்டியின் அடியில் அச்சிட்டிருந்த எண்ணை என் தாளோடு ஒப்பிட்டுவிட்டுப் பணம் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து, எந்தக் கணக்கையும் சேர்க்கும் முன், வைஃபையில் இணைத்து, பில்டு எண்ணை ஏழு முறை தட்டி, ஓஇஎம் அன்லாக்கிங் வரியைத் தேடினேன். சில கைப்பேசிகளில் அது சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடக்கும். இதில் நகர்ந்தது. “என்னப்பா, வந்ததும் வராததுமா எதையோ நோண்டிக்கிட்டிருக்க?” என்று அம்மா கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லி, அதை மறுபடி அணைத்து, பூட்டியது பூட்டியபடியே இருக்க, அவருடைய சிம்மைப் போட்டுக் கையில் கொடுத்தேன்.